கத்திரி வெயிலில் கவாத்து: தில்லி வீட்டுத் தோட்டத்தில் இலந்தை வளர்க்கும் முறை

தில்லியில் இலந்தை மரத்தை வெட்ட வேண்டிய மாதம் மே. இதைப் போனில் சொன்னபோது பவானியில் இருக்கும் என் சித்தப்பா நம்பவில்லை. "ஏந் தம்பி, இந்த வேனல்ல யாராச்சும் மரத்துல கை வைப்பாங்களா? பட்டுப் போயிருமப்பா" என்றார். "இங்க மரமே இப்பத்தானுங்க தூங்குது சித்தப்பா" என்றேன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். பவானி சங்கமேசுவரர் கோயிலின் தல மரமே இலந்தைதான். அந்த மரத்தைப் பார்த்து வளர்ந்தவருக்குத் தில்லிக்காரன் இலந்தைப் பாடம் எடுப்பதா?

ஆனால் ஊர் வேறு, மரத்தின் நாட்காட்டியும் வேறு. நம் பக்கம் காய் முடிந்ததும் மாசி பங்குனியில் கவாத்து செய்துவிடுவார்கள். அதே கணக்கைத் தில்லிக்குக் கொண்டுவந்தால், மரம் நிறையப் பழுக்கிற நேரத்தில் கிளையோடு பழத்தையும் வெட்டிப் போடுவோம். இங்கே வந்து குடியேறிய நம்மவர்களில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் வாய்த்தவர்கள் முதலில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைப்பார்கள். கறிவேப்பிலையைத் தில்லிக் குளிரில் காப்பாற்றுவது பெரும்பாடு. இலந்தை அப்படியில்லை. இந்த மண்ணுக்கும் இந்த வெயிலுக்கும் இந்தக் குளிருக்கும் பழகிய மரம். நாம் செய்ய வேண்டியது, அது எப்போது தூங்குகிறது, எப்போது விழிக்கிறது என்று பார்த்து அதன்படி நடப்பது மட்டும்தான்.

மரத்தின் ஓர் ஆண்டு

ஏப்ரலில் பழம் முடியும்போதே இலை மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கும். மே மாதத்தில் மரம் ஏறத்தாழ மொட்டையாக நிற்கும். ஜூனில் துளிர்க்கும். ஜூன் கடைசியில் பருவமழை வந்ததும், அடுத்த இரண்டு மாதங்களில் துளிர்கள் ஆளுயரத்துக்கும் மேல் நீளும். செப்டம்பர், அக்டோபரில் பூ. அக்டோபர் கடைசியில் பிஞ்சு. நவம்பர், டிசம்பர், ஜனவரி முழுக்கக் காய் மெதுவாகப் பருக்கும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, ரகத்தைப் பொறுத்து, பழம். இங்கே மகா சிவராத்திரிக்குச் சிவனுக்கு இலந்தை படைப்பார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பருவம் மறக்காது.

இதில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இலந்தை இந்த ஆண்டு வந்த புதுத் துளிரில்தான் பூக்கும். புதுக் கிளையில் ஒவ்வோர் இலை சேரும் இடத்திலும் ஒரு கொத்துப் பூ. பழைய கட்டையில் நேராகக் காய்ப்பதில்லை. ஆகவே புதுத் துளிர் எத்தனை தடிமனாக, எத்தனை நீளமாக வருகிறதோ, அத்தனை காய், அத்தனை பருமன். வெட்டாமல் விட்ட மரத்திலும் துளிர் வரும். ஆனால் ஆயிரம் மெல்லிய குச்சிகளாக வரும், காயும் சுண்டைக்காய் அளவில் நின்றுவிடும். மே மாதத்தில் வெட்டினால் மரத்தின் சேமிப்பெல்லாம் குறைந்த எண்ணிக்கையுள்ள மொட்டுகளுக்குப் போய், மழை வரும்போது அவை தயாராக இருக்கும்.

இரண்டாம் ஆண்டில் நான் மே மாதத்தைத் தவறவிட்டு ஆகஸ்டில் வெட்டினேன். துளிர் வந்தது, ஆனால் முழ நீளத்திலேயே குளிர் பிடித்துக்கொண்டது. பூ நவம்பரில்தான் எட்டிப் பார்த்தது. ஏப்ரலில் கையில் கிடைத்தது ஒரு கிண்ணம்.

எந்தச் செடி

இலந்தையில் நமக்குத் தெரிந்தது நாட்டு இலந்தை இனம். சீன இலந்தை என்று இன்னொன்று உண்டு. உலர்த்திப் பேரீச்சைபோல் விற்பார்களே, அது. அந்த மரம் குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும், அதை வெட்டுவதும் குளிர்காலத்தில்தான். இணையத்தில் பார்க்கும் வெளிநாட்டுக் கவாத்துக் காணொளிகள் பெரும்பாலும் சீன இலந்தைக்கானவை. அவற்றைப் பார்த்து ஜனவரியில் கத்தரியை எடுத்துவிடாதீர்கள்.

நம் இனத்தில் வட இந்தியாவில் பேர்பெற்ற ரகங்கள் கோலா, உம்ரான், கைத்லி, சேப், பனாரசி கடாக்கா. கோலா உருண்டை, பிப்ரவரியிலேயே பொன்மஞ்சளாகப் பழுக்கும், சாறு அதிகம். உம்ரான் பெரிய முட்டை வடிவம், மார்ச் கடைசியில் வரும், தங்க நிறத்திலிருந்து பழுப்புக்கு மாறும். கைத்லி இரண்டுக்கும் நடுவே. ஒரே மரம்தான் வைக்க முடியும் என்றால் நான் கோலாவைச் சொல்வேன். மார்ச் வெயில் ஏறுவதற்குள் பழம் கைக்கு வந்துவிடும். ஆப்பிள் பேர் (இந்தியில் பேர் என்றால் இலந்தை) என்று விற்கப்படும் தாய்லாந்து ரகம் பார்க்கப் பச்சை ஆப்பிள்போல் பெரிதாக இருக்கும், சீக்கிரம் காய்க்கும். என் நாக்குக்கு அது இனிப்பான தண்ணீர். பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, நான் என்ன செய்ய?

இன்னொரு விஷயம். இலந்தை ரகங்களில் பலவற்றுக்குத் தன் மகரந்தம் தனக்கே சரியாக ஒட்டாது. அருகில் வேறு ரகம் இருந்தால் காய்ப்பு நன்றாக இருக்கும். தில்லியில் ரிட்ஜ் காட்டுப் பகுதி, பூங்கா, காலி மனை என்று எங்கு பார்த்தாலும் தானாக முளைத்த இலந்தை இருப்பதால் பல வீடுகளில் இது பிரச்சினையாகத் தெரிவதில்லை. சுற்றுவட்டாரத்தில் ஒரு மரமும் இல்லையென்றால், இரண்டாவது மரம் நட இடம் தேட வேண்டாம். இதே மரத்தின் ஒரு கிளையில் வேறு ரகத்தை ஒட்டிவிடலாம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

வாங்கும்போது ஒட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அடித்தண்டில் ஒரு சாண் உயரத்தில் ஒரு முழங்கால் மடிப்புபோல வளைவு தெரியும். அதற்கு மேலே இருப்பதுதான் நீங்கள் காசு கொடுத்த ரகம். கீழே இருப்பது காட்டு இலந்தை. நான் சாலையோர நர்சரி ஒன்றில் உம்ரான் என்று வாங்கிய செடியில் ஒட்டு ஏற்கெனவே கருகியிருந்தது, அடிச்செடிதான் பசுமையாகத் துளிர்த்துக்கொண்டிருந்தது. கவனிக்கவில்லை. மூன்று வருடம் தண்ணீர் ஊற்றி, உரம் போட்டு, பட்டாணி அளவில் புளிப்புப் பழம் தின்றோம். பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் வேளாண் மேளாவுக்குப் போகிறவர்கள் அங்கே ரகங்களைப் பற்றி நேரில் விசாரிக்கலாம்.

நடுவது

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மே மாதமே இரண்டடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து வெயில் காய விடுங்கள். மழை தொடங்கியதும் மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் இரண்டு கூடை, வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோ கலந்து மூடி, ஜூலையில் நடலாம். தில்லியில் கரையான் அதிகம், பிண்ணாக்கை விடாதீர்கள். சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். தோப்பில் மரத்துக்கு மரம் 6 முதல் 8 மீட்டர் விடுவார்கள். நம் வீட்டில் அது நடக்காது, கவாத்தால் ஈடுகட்ட வேண்டியதுதான்.

இலந்தையின் ஆணிவேர் நேராக ஆழம் தேடிப் போகும். அதுதான் அதன் வறட்சி தாங்கும் ரகசியம், செடியை இடம் மாற்றும்போது அதன் பலவீனமும் அதுவே. பையில் வேர் சுருண்டுபோன பெரிய செடியைவிட, சின்னச் செடியே மேல். பையைக் கிழிக்கும்போது மண் உருண்டை உடையக் கூடாது. ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே ஒரு சாண் நிற்கட்டும். காற்றுக்கு ஒரு மூங்கில் குச்சி.

முதல் இரண்டு குளிர்காலம் இளஞ்செடியை உறைபனியிலிருந்து காக்க, மூன்று பக்கம் சாக்கோ கோரைப்புல்லோ கட்டித் தென்கிழக்கை வெயிலுக்குத் திறந்து விடுங்கள். பனி விழும் என்று தெரிந்த நாள் மாலையில் பாத்தியை நனைத்தால் மண் சூடு அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

முதல் மூன்று ஆண்டு: எலும்புக்கூடு

இலந்தைக் கிளை இயல்பாகவே தொங்கும். விட்டுவிட்டால் குடையைக் கவிழ்த்ததுபோல் தரையைத் தொடும், உள்ளே போகவே முடியாது. அதனால் ஆரம்பத்திலேயே நேர்த்தண்டு ஒன்றை வளர்க்க வேண்டும். நட்ட ஆண்டில் பல துளிர் வரும். அவற்றில் நேராகவும் தடிமனாகவும் இருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். அதைக் குச்சியில் கட்டி நிமிர்த்துங்கள். தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் வரை ஒரு கிளையும் வேண்டாம்.

அதற்கு மேலே மூன்று அல்லது நான்கு முதன்மைக் கிளைகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையில், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில் ஏணிப்படிபோல் இருக்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து மூன்று கிளை பிரிந்தால் காய்ப் பாரத்தில் கவை பிளக்கும். தண்டோடு ஒட்டிக்கொண்டு கூர்கோணத்தில் ஏறும் கிளையையும் நம்ப வேண்டாம். இரண்டாம் ஆண்டு மே மாதத்தில் இந்த முதன்மைக் கிளைகளைப் பாதியாகக் குறைத்தால் அவற்றிலிருந்து இரண்டாம் வரிசைக் கிளைகள் வரும். மூன்றாம் ஆண்டு அவற்றில் மேல்நோக்கிப் போகிறவற்றை வைத்துக்கொண்டு, கீழே தொங்குகிறவற்றை எடுக்கலாம். அவ்வளவுதான் எலும்புக்கூடு. இதற்குள் கொஞ்சம் காய்த்திருக்கும், அது இனாம்.

கத்தரியை எடுக்கும் முன்: சட்டம்

தில்லியில் 1994-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் நம் வீட்டு மரத்தையும் மரமாகத்தான் பார்க்கிறது. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், உயரம் ஒரு மீட்டருக்குக் குறையாமலும் இருந்தால் அது சட்டப்படி மரம். முன்பு 15.7 சென்டிமீட்டர் சுற்றளவு வரையுள்ள கிளைகளை அனுமதியில்லாமல் கவாத்து செய்யலாம் என்று ஒரு வழிகாட்டுதல் இருந்தது. 2023-இல் தில்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எனவே மரம் பெரிதானபின் கவாத்துக்கு உங்கள் வட்டாரத்து வன அலுவலகத்தில் மர அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். மே மாத வேலைக்கு மார்ச்சிலேயே விண்ணப்பிப்பது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் படம் எடுத்துப் புகார் அனுப்பும் ஊர் இது. தண்டு மெலிதாக இருக்கும் முதல் ஆண்டுகளிலேயே உருவத்தைச் சரியாக அமைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆண்டுக் கவாத்து

தேவையானவை: கூரான கவாத்துக் கத்தரி, மடக்கு ரம்பம், தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி. இலந்தை முள்ளை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இருக்கும். ஒன்று ஊசிபோல் நேராக நிற்கும், மற்றது பூனை நகம்போல் பின்னோக்கி வளைந்திருக்கும். நேர்முள் குத்தும், கையை வெடுக்கென்று இழுப்போம், வளைந்த முள் பிடித்துக்கொள்ளும். இழுக்காமல், கையைக் கிளையின் அடிப்பக்கமாகத் தள்ளி விடுவிப்பதுதான் வழி. துணிக் கையுறை போட்டால் முள் அதோடு தைத்துக்கொள்ளும், வெறுங்கையே தேவலை.

மே நடுவிலிருந்து மாதக் கடைசிக்குள் ஒரு நாள். காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் நம்மால் நிற்க முடியாது. மரம் முழுக்க இலை உதிர்த்திருக்க வேண்டியதில்லை, பாதி மஞ்சளானால் போதும். இலை உதிரவே இல்லையென்றால் நீங்கள் ஏப்ரலில் தண்ணீர் விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முதலில் வெட்டாமல் மரத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். பட்டுப்போன கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, மரத்துக்குள்ளேயே திரும்பி வளரும் கிளை, இவை முதலில் போகட்டும். அடுத்து ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பிய எதையும் விடாதீர்கள். கத்தரியால் வெட்டினால் மறுபடி நான்காக வரும். மண்ணைக் கிளறி, பிறந்த இடத்தோடு பிய்த்து எடுக்க வேண்டும்.

இப்போது முக்கிய வேலை. போன மழையில் வளர்ந்த கிளையை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அதன் பட்டை வெளிறிய நிறத்தில் வழவழப்பாக இருக்கும், நுனிப்பக்கம் இலேசான மென்மயிர்ப் படலம் தடவிப் பார்த்தால் தெரியும். பழைய கட்டை கருத்து, வெடித்திருக்கும். இந்த இரண்டும் சேரும் இடத்திலிருந்து கணுக்களை எண்ணுங்கள். 15 முதல் 20 கணு விட்டு, மிச்சத்தை வெட்டிவிட வேண்டும். அந்தக் கிளையிலிருந்து பக்கவாட்டில் பிரிந்த மெல்லிய குச்சிகளை ஒன்றுவிடாமல் அடியோடு எடுங்கள். முதல்முறை செய்யும்போது மனசு வராது. என் மனைவி, "பக்கத்து வீட்டுல கேட்டா, பேன் புடிச்சிருச்சு, மொட்டை போட்டோம்னு சொல்லிருங்க" என்றாள். அப்படித்தான் தெரியும், பரவாயில்லை.

வெட்டும் இடம், வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவுக்கு மேலே விரல் நகமளவு தள்ளி, சற்றுச் சாய்வாக. உட்பக்கம் பார்த்த கணுவில் வெட்டினால் துளிர் மரத்துக்குள் போய் நெரிசலாகும். ஓரிடத்தில் இரண்டு கிளை ஒரே திசையில் போட்டி போட்டால் மெலிந்தது போகட்டும். நடுவில் வெயில் விழ வேண்டும். கீழே தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குள் தொங்கும் எதுவும் வேண்டாம்.

கை மொத்தத்தில் உள்ள கிளையை எடுக்க நேர்ந்தால் மூன்று வெட்டாக வெட்டுங்கள். தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடியிலிருந்து மேலாகக் கால்பங்கு அறுப்பது முதல் வெட்டு. அதைத் தாண்டி ஓரங்குலத்தில் மேலிருந்து அறுத்தால் கிளை விழுந்துவிடும். மிச்சக் கட்டையை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் கழுத்து வளையத்தை ஒட்டி எடுப்பது மூன்றாவது. ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் கிளை தன் எடையில் முறிந்து, தண்டின் பட்டையை வாழை நார்போல உரித்துக்கொண்டு போகும்.

நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை, காய் சிறுத்துக்கொண்டே வருகிறது என்று தோன்றினால், இரண்டாம் வரிசைக் கிளைகளையே பாதியாகக் குறைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்யாமல், ஒரு பக்கம் இந்த ஆண்டு, மறுபக்கம் அடுத்த ஆண்டு என்று பிரித்தால் பழமில்லாத ஆண்டு வராது.

செய்யக் கூடாதது ஒன்று: வேலி கத்தரிப்பதுபோல் மேற்பரப்பை மட்டும் உருண்டையாக வெட்டுவது. காலனித் தோட்டக்காரர்களான மாலிகள் பெரும்பாலும் இதைத்தான் செய்வார்கள். எனக்கும் ஒருமுறை செய்துவிட்டுப் போனார். பார்க்கத் தலைக்கவசம்போல அழகாக இருந்தது. அக்டோபரில் உள்ளே இருட்டு, வெளிப்பரப்பில் துடைப்பம்போல் நெருக்கமான குச்சிகள், பூவெல்லாம் சாம்பல் நோய்.

வெட்டிய அன்றும் அடுத்த வாரமும்

கட்டைவிரலைவிடத் தடித்த வெட்டுகளில் போர்டோ பசை பூசுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, பிறகு கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி போதும், இரும்பு ஆகாது. கலந்த அன்றே தீர்த்துவிடுங்கள்.

வெட்டிய முள்ளை உடனே கட்டி அப்புறப்படுத்துங்கள். காய்ந்த இலந்தை முள் செருப்பைத் துளைக்கும். சிறுநறுக்குகளை நான் தக்காளிப் பாத்தியைச் சுற்றிப் போட்டுவிடுவேன். பூனை வருவதில்லை.

மரத்தடி மண்ணைக் குர்பி என்னும் சிறு கைக்கொத்தாலோ மண்வெட்டியாலோ நாலு விரல் ஆழம் கொத்திப் புரட்டுங்கள். இதற்குக் காரணம் உரமல்ல, பழ ஈ. போன பருவத்தில் விழுந்த பழத்திலிருந்து வெளிவந்த புழு, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருக்கும். மே வெயிலில் அது வெளியே வந்தால் சூட்டில் சாகும், மீதியை மைனா பொறுக்கும். மருந்தடிப்பதைவிட இந்த அரைமணி வேலைதான் அதிகம் உதவும்.

மழை தொடங்குவதற்கு முன், வளர்ந்த மரத்துக்கு 20 முதல் 30 கிலோ மக்கிய தொழு உரம். தண்டை ஒட்டிக் கொட்டாமல், கிளை விரிந்திருக்கும் அளவுக்கு வட்டப்பாத்தி எடுத்து அதில் பரப்புங்கள். யூரியா போடுகிறவர்கள் ஜூலையில் கால் கிலோ, பிஞ்சு பிடித்தபின் கால் கிலோ போடலாம். இயற்கை முறை என்றால் அதற்குப் பதில் பிண்ணாக்கு.

மழையில்

ஜூனில் ஒவ்வொரு வெட்டுக்கும் கீழே மூன்று நான்கு துளிர் எட்டிப் பார்க்கும். ஜூலை முதல் வாரம் ஒருமுறை வந்து, ஒவ்வொரு முனையிலும் நல்லதாக இரண்டை விட்டு மற்றதை விரலாலேயே கிள்ளிவிடுங்கள். அப்போது முள் கீரைத்தண்டுபோல் மென்மையாக இருக்கும். ஆகஸ்டில் அதே வேலைக்குக் கத்தரி வேண்டும், கையுறை வேண்டும், கொஞ்சம் வசவும் வேண்டும்.

இதுதான் ஒட்டுக் கட்டவும் நேரம். மழையில் பட்டை சுலபமாகக் கழன்று வரும். என் புளிப்பு மரத்தைத் திருத்தியது இப்படித்தான்: மே மாதத்தில் முதன்மைக் கிளைகளைக் குட்டையாக வெட்டி, ஜூலையில் வந்த துளிர்களில் பென்சில் மொத்தத்தில் உள்ள நான்கைத் தேர்ந்தெடுத்து, மற்றதை நீக்கினோம். நண்பர் வீட்டுக் கோலா மரத்திலிருந்து இந்த ஆண்டுக் குச்சி ஒன்று. அதில் இலையைக் காம்பு விட்டுக் கிள்ளி, மொட்டைச் சுற்றிக் கேடயம்போலப் பட்டையோடு சீவி எடுக்க வேண்டும். துளிரில் ஆங்கில டி எழுத்துபோல் ஓரங்குலம் கீறி, பட்டையை விலக்கி, மொட்டை உள்ளே செருகி, கண் மட்டும் தெரியும்படி பாலித்தீன் பட்டையால் சுற்றுங்கள். மூன்று வாரம் கழித்து அந்த இலைக்காம்பை விரலால் தொடுங்கள். தொட்டதும் உதிர்ந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. கருகிச் சுருங்கி ஒட்டிக்கொண்டே இருந்தால் போய்விட்டது, மறுபடி கட்டலாம், இன்னும் நாள் இருக்கிறது. நான்கில் எனக்கு மூன்று பிடித்தன. நான்காவதில் அடுத்த ஆண்டு உம்ரான் கட்டினேன். இப்போது ஒரே மரத்தில் பிப்ரவரியில் ஒரு பழம், மார்ச்சில் ஒரு பழம்.

பூவும் பிஞ்சும்

இலந்தைப் பூவை யாரும் பார்ப்பதில்லை. மிளகளவுதான் இருக்கும், பச்சைமஞ்சள் நிறம், ஐந்து முனை நட்சத்திரம். நடுவில் ஒரு தட்டு, அதில் தேன் ஊறி ஈரமாக மினுங்கும். வாசனை ஒரு மாதிரி, நல்ல வாசனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஈக்களுக்கும் குளவிக்கும் தேனீக்கும் அதுதான் விருந்து. செப்டம்பர் காலையில் மரம் ரீங்காரம் போடும். அந்த நாட்களில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள். ஈயைப் பார்த்து அருவருத்து அடித்துவிட்டுக் காய்க்கவில்லை என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூத்ததில் மிகச் சிறு பங்குதான் காயாகும், கொட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பிஞ்சு பிடித்ததும் அக்டோபர், நவம்பரில் தினமும் ஒரு கண் வையுங்கள். பிஞ்சின்மேல் விபூதி பூசியதுபோல் வெள்ளைப்பொடி தெரிந்தால் அது சாம்பல் நோய். விட்டால் காய் பழுப்பேறி, தோல் சொரசொரத்து, வெடித்து உதிரும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளித்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி. பூவில் அல்ல, பிஞ்சு நின்றபின்.

பழ ஈ பிஞ்சுத் தோலுக்கடியில் முட்டை வைக்கும். வெளியே ஊசிப்புள்ளி மட்டும் தெரியும், காய் அந்த இடத்தில் கோணலாகும். புழு கொட்டையைச் சுற்றித் தின்னும். விழுந்த காயை அன்றன்றே பொறுக்கிப் பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் வையுங்கள். மட்கு குழியில் போட்டால் நீங்களே ஈப்பண்ணை நடத்துகிறீர்கள். சின்ன மரமென்றால் பட்டாணி அளவிலேயே கொத்துகளை வலைத்துணிப் பையால் மூடிவிடலாம்.

தண்டில் மரத்தூளும் எச்சமும் நூலாம்படையில் தொங்கினால் பட்டைப் புழு. துடைத்துவிட்டுப் பார்த்தால் கவையில் ஓட்டை இருக்கும். கம்பியால் குத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்துக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள்.

தண்ணீர்

வறட்சி தாங்கும் மரம் என்பதால் தண்ணீரே வேண்டாம் என்றில்லை. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பாத்தி நிறைய. அந்த நேரத்தில் காய்ந்தால் பிஞ்சு கொட்டும். பழம் நிறம் மாறத் தொடங்கியதும் நிறுத்துங்கள். மார்ச்சில் விடும் தண்ணீர் பழத்தை உதிர்க்கும், சப்பென்று ஆக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வளர்ந்த மரத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். பக்கத்தில் புல்தரை வைத்து அதற்குத் தினமும் பீய்ச்சுகிறவர்கள் மரத்தைத் தூங்கவே விடுவதில்லை.

மொட்டை மாடிக்காரர்களுக்கு: பாதியாக வெட்டிய 200 லிட்டர் டிரம்மில் ஆப்பிள் பேர் நன்றாக வரும். கவாத்து அதே மே மாதம், ஆனால் 15 கணுவுக்குப் பதில் ஆறேழு. கோடையில் தண்ணீரைக் குறைக்கலாம், முழுக்க நிறுத்த முடியாது. டிரம் மண் அடுப்பாகிவிடும்.

பழமும் கிளியும்

பச்சையாகப் பறித்த இலந்தை வீட்டில் வைத்தால் மஞ்சளாகலாம், இனிக்காது. மரத்திலேயே நிறம் வர வேண்டும். எல்லாம் ஒரே நாளில் வராது, நாலைந்து தடவை பறிக்க வேண்டியிருக்கும். காம்பைத் திருகி எடுங்கள். உலுக்கினால் அடிபட்டுக் கறுக்கும்.

தில்லியில் மனிதர்களுக்கு முன்னால் கிளிகள் வந்துவிடும். கூட்டமாக, காலை ஆறரைக்கு, சத்தமாக. அவை முழுதாகத் தின்னாது, ஒரு கடி கடித்துப் போட்டு அடுத்ததை எடுக்கும். நீல வலை போட்டுப் பார்த்தேன், ஒரு குயில் மாட்டிக்கொண்டு அரைநாள் தவித்தது. இப்போது கை எட்டும் உயரத்தில் உள்ள கொத்துகளுக்கு மட்டும் துணிப்பை. மேல்கிளைகள் கிளிக்கு. மரத்தைக் கவாத்தில் தாழ்வாக வைத்தால் நம் பங்கு கூடும்.

கடைசிப் பறிப்பில் தோல் சுருங்கிய பழங்கள் நிறைய மிஞ்சும். இங்கே எல்லோரும் கறுப்பு உப்பைத் தொட்டுத் தின்று தீர்ப்பார்கள். எங்கள் வீட்டில் இலந்தை வடை. புழு இல்லாததாகப் பார்த்து இரண்டு நாள் வெயிலில் வாட்டி, கொட்டையோடு உரலில் ஒன்றிரண்டாக இடித்து, புளி, வெல்லம், வறுத்த மிளகாய், பெருங்காயம், உப்பு சேர்த்து மறுபடி இடித்துத் தட்டி, மாடியில் துணிமேல் காயவைக்கிறோம். ஊரில் காய நாலைந்து நாள் ஆகும், இங்கே ஏப்ரல் வெயிலில் இரண்டே நாள். போன வருடம் ஒரு டப்பா சித்தப்பாவுக்கு அனுப்பினேன். "காரம் பத்தல தம்பி" என்றார். மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்த மே மாதம் அவரே கூப்பிட்டு, "வெட்டிட்டியா?" என்று கேட்டார்.